எஸ் வரிசையில் ஓர் உறவு

அகராதி வேலையில் இருப்பவர்களிடம் எஸ் எழுத்தைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் மற்ற எழுத்துகளெல்லாம் குளம், குட்டை என்றால் எஸ் மட்டும் கடல். இறங்கினால் கரை கண்ணுக்குத் தெரியாது. அந்த அலுவலகத்தில் எல்லோரும் அதற்குள் இறங்கி வருடக்கணக்காகிவிட்டது. இறங்கும்போது கறுப்பு முடியோடு இருந்தவர்கள் இப்போது தலைக்குச் சாயம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், சிலர் அதையும் விட்டுவிட்டார்கள்.

நம்முடைய ஆள் விட்டுவிட்ட கூட்டம். ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அது எந்த வீட்டில் பிறந்தது, எந்தெந்த வாசலில் போய் நின்றது, யார் யார் வாயில் புகுந்து இந்தக் கதிக்கு வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்து, அதைத் தமிழில் நாலு வரியில் எழுதுவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு வேர்க்காரர் என்று பெயர். கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். நாள் பூராவும் ஒரு திரையையும் பதினேழு தடிப் புத்தகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற மனிதரிடம் போய் அந்தக் கம்பீரத்தைச் சொன்னால் அடிக்க வருவார். இல்லை, அடிக்க வர மாட்டார். அதற்கும் தெம்பு வேண்டுமே.

சில சொற்களுக்கு முன்னால் அவர் ஒரு நட்சத்திரக் குறி போடுவார். அந்த வடிவத்தை எந்தக் கல்லிலும் எந்தத் தோல் ஏட்டிலும் யாரும் பார்த்தது கிடையாது, அதிலிருந்து பிறந்த சொற்களை வைத்து அது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்திருக்கிறார்கள் என்பது அதற்கு அர்த்தம். பெரும்பாலான சொற்கள் கடைசியில் அந்த நட்சத்திரத்தில் போய்த்தான் நிற்கும். அதற்கு அப்பால் வழி கிடையாது.

எழுதினால் மட்டும் வேலை முடியாது. முதல் தொகுதி வெளிவந்தபோது, அதைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி வேண்டும் என்று படித்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு முதன்மையாசிரியர் அம்மாள் ஒரு சட்டம் போட்டார். அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். எழுதியதை, இந்தத் தொழிலோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். கேட்கிறவர் ‘அப்படின்னா?’ என்று நிறுத்துகிற இடத்தையெல்லாம் மாற்றி எழுத வேண்டும். நிறுத்தாத இடத்தில் கை வைக்கக் கூடாது. காது தேறினால்தான் அச்சு.

வேர்க்காரருக்கு அந்தக் காது வீட்டிலேயே இருந்தது. மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். “இந்த வரி தொண்டையில மாட்டுது” என்பாள். “இதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணுமா?” என்பாள். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், கத்தி மட்டும் நிற்காமல் ஓடும். இரண்டாம் தொகுதியில் தொடங்கி எஸ் எழுத்தின் நடுப்பாதி வரைக்கும் அவளுக்குத் தெரியாத வேர் இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் அலுவலகக் காவலாளிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். காவலாளி நல்ல மனிதர். எதற்கும் ‘அப்படின்னா?’ என்று கேட்கவே மாட்டார். ஸ்டார்போர்டு என்ற சொல்லில் நட்சத்திரமே இல்லை, அது கப்பலில் சுக்கான் பிடிக்கிற பக்கத்துப் பலகை என்று படித்தால் தலையை ஆட்டுவார். எதைப் படித்தாலும் அதே தாளத்தில் ஆட்டுவார். அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர் என்பதை வேர்க்காரர் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து என்ன செய்ய? வேறு யாரையும் தேடிப் போகிற அளவுக்கு அவருக்குக் காலில் வலுவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மேடம் அவர் மேஜைக்கே வந்து நின்றார்.

“ஸ்டெப் குடும்பம் என்னாச்சு? ஸ்டெப்சைல்டு, ஸ்டெப்மதர், ஸ்டெப்ஃபாதர், எல்லாம் ஒரே குறிப்பா போடுறோம்னு முடிவு பண்ணினோமே.”

“எழுதிட்டேன் மேடம்.”

“யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க?”

வேர்க்காரர் வாசல் பக்கம் பார்த்தார். மேடமும் பார்த்தார். காவலாளி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார், எதிரில் யாரும் இல்லை.

“அவர் வேண்டாம்,” என்றார் மேடம். “தினம் பேசுற சொல்லு. எல்லா வீட்லயும் யாராவது ஒருத்தர் இதைத் தேடிப் பார்ப்பாங்க. உசிரோட கேக்குற காது வேணும். உங்க வீட்ல பொண்ணு இருக்காள்ல? அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க. திங்கக்கிழமை அச்சுக்கு அனுப்பணும்.”

மேடத்துக்கு விவரம் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், மறந்திருந்தார். அவருக்கும் எஸ் எழுத்துதான் காரணம்.

வேர்க்காரர் சரி என்றார். எதற்கும் சரி என்று சொல்லிப் பழகிய நாக்கு அது.

வீட்டில் இருந்த பெண் அவருக்குப் பிறந்தவள் இல்லை. அவர் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவர். மனைவிக்கு அது இரண்டாவது கல்யாணம், கூடவே ஆறு வயதுப் பெண் ஒன்று. அந்தக் குழந்தையைப் பெற்ற தகப்பன் அது நடக்கப் பழகுவதற்குள் ஒரு விபத்தில் போய்விட்டான். சொல்கிற வசதிக்காக நாம் மகள் என்றே சொல்லிக்கொள்ளலாம். அவர் வாயால் அப்படிச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் ‘வீட்டுப் பொண்ணு’ என்று சொல்லிச் சமாளிப்பார்.

அவளும் அவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. இது சுலபமான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பேச்சில் ஒருவரை எதுவுமே சொல்லாமல் கூப்பிடுவதற்குத் தனித் திறமை வேண்டும். “இந்தாங்க”, “கேட்டுச்சா”, “டீ ஆறுது” என்றே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாள். கூட்டத்தில் இரண்டு பேரும் பிரிந்துவிட்டால் என்ன செய்வாய் என்று அவள் அம்மா கேலி செய்வாள். உண்மையில் கூட்டத்தில் அவள் பின்னால் வந்து அவர் சட்டையைத் தொடுவாள், அவ்வளவுதான். அவர் திரும்பிவிடுவார்.

அவர் நல்லவர். நல்லவர் என்றால் எப்படிப்பட்ட நல்லவர்? அவள் எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்றாலும் ‘உங்க இஷ்டம்’. எந்தப் படிப்பு என்றாலும் ‘உன் இஷ்டம்மா’. அவள் பட்டம் வாங்கிய நாளில் எடுத்த படம் வரவேற்பறையில் இருக்கிறது. அதில் அம்மா இருக்கிறாள், அவள் இருக்கிறாள். அவர் இல்லை, ஏனென்றால் எடுத்தவர் அவர். “நீங்களும் வந்து நில்லுங்க, வேற யாரையாவது எடுக்கச் சொல்லலாம்” என்று மனைவி கூப்பிட்டதற்கு, வெளிச்சம் சரியாக இருக்கிறது, மாறிவிடும் என்றார். பெற்றவன் இருக்க வேண்டிய இடத்தில் தான் போய் நிற்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அது மரியாதை என்று அவர் நினைத்தார். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை மாதிரியும் இருந்தது, ஒட்டாமை மாதிரியும் இருந்தது.

மனைவி போனபின் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளிகளாகிவிட்டார்கள். காலையில் யார் முதலில் எழுந்தார்களோ அவர்கள் டீ போட்டு மூடி வைப்பார்கள். இவர் பாத்திரம் கழுவினால் அவள் துடைப்பாள். அவள் துணி காயப்போட்டால் இவர் எடுத்து மடித்து அவள் அறை வாசலில் வைப்பார், உள்ளே போக மாட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு யாருக்கும் தெம்பு இல்லை. அவளுக்கும் வேலை அப்படி. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். நாள் முழுக்க இருட்டறையில் நின்றுகொண்டு, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா?” என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வரும்போது தொண்டையில் குரலே இருக்காது.

மேடம் மேஜைக்கு வந்து நின்றதற்குப் பத்து நாள் முன்னால்தான் பெரியப்பா ஃபோன் செய்திருந்தார். அவளைப் பெற்றவனின் அண்ணன். வேறு ஊரில் இருக்கிறார், வசதியாக இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறவர்.

“நீங்க பெரிய மனசு பண்ணி இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டீங்க. அதை நாங்க மறக்க மாட்டோம்,” என்றார். “ஆனா இனிமே உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அம்மாவும் இல்ல. வயசுப் பொண்ணு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நாங்க கூட்டிட்டுப் போறோம். எங்க ரத்தம்தானே.”

வேர்க்காரர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். எந்த உரிமையில் சொல்வது? அவளுக்கும் தனக்கும் இருந்த ஒரே பாலம் மனைவி. கல்யாணத்தால் வந்த உறவு, கல்யாணம் முடிந்ததும் முடிந்தது. சொல்லின் வேரைத் தேடுகிற மனிதர் சொந்த வாழ்க்கையில் அத்தோடு தேடலை நிறுத்திக்கொண்டார்.

“உங்க வீட்டுப் பொண்ணு. தடுக்க நான் யாரு?” என்றார்.

பக்கத்து அறையில் தலை வாரிக்கொண்டிருந்தவளின் சீப்பு ஒரு கணம் நின்றது. அன்று சாயங்காலம் அவளே பெரியப்பாவைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கடைக்கு அந்த ஊரிலும் கிளை இருந்தது, மாற்றமும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வரும் என்று முடிவாயிற்று. எல்லாம் மளமளவென்று நடந்தன. வேர்க்காரருக்கு ஒரு சொல்லின் கதையைத் தேடிப் பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். அவள் அறையில் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. நாளைக்குப் போகப் போகிறவளிடம் போய், அதுவும் இந்தச் சொல்லையா படித்துக் காட்டுவது? அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன் என்று மேடத்திடம் பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பொய் சொல்வதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டியிருந்தது. கடைசியில் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினார்.

“வேலையா இருக்கியாம்மா?”

“சொல்லுங்க.”

“ஒரு குறிப்பு. யாருக்காவது படிச்சுக் காட்டணும். திங்கக்கிழமை கொடுக்கணும். முடியலைன்னா பரவால்ல.”

அவள் கையிலிருந்த துணியை மடி மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். “அம்மாவுக்குப் படிப்பீங்களே, அதா? படிங்க.”

என்ன சொல் என்று கேட்டாள். ஸ்டெப்ஃபாதர், அந்த வகையறா என்றார் தாளைப் பார்த்துக்கொண்டே. அவர் படித்தார்:

“ஸ்டெப். கூட்டுச்சொற்களின் முதற்பாதி. பழைய ஆங்கிலத்தில் ஸ்டேஒப். கால் எடுத்து வைப்பதைக் குறிக்கும் ஸ்டெப்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பறிகொடுத்த, உற்றாரை இழந்த என்பது பொருள். உற்றவரைப் பறித்துத் தனியாக்குவதைச் சொல்லும் வினைச்சொற்கள் பழைய ஆங்கிலத்திலும் பழைய ஜெர்மனிலும் இருந்தன. அவற்றைக் கொண்டு ஊகித்த மூலவடிவம், நட்சத்திரக் குறியுடன், ஸ்டியூபா...”

“அப்படின்னா?” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

“நட்சத்திரம்னா, அதை எழுத்துல யாரும் பார்த்ததில்லன்னு அர்த்தம். அதோட பிள்ளைங்க மட்டும்தான் நமக்குக் கிடைச்சிருக்கு. பிள்ளைங்க ஜாடையை வெச்சு, இப்படித்தான் இருந்திருப்பாங்கன்னு சொல்றோம்.”

அவள் மடியிலிருந்த துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“எங்கப்பாவை நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்,” என்றாள். “எனக்கு முகம் ஞாபகம் இல்ல. போட்டோவுல கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிறாரு, ஒண்ணும் தெரியல. பெரியப்பா சிரிக்கிறப்ப, இப்படித்தான் சிரிச்சிருப்பாருன்னு நினைச்சுக்குவேன். அங்க போனா தினமும் பாக்கலாம்ல.”

அவள் செய்வது வேர்க்காரரின் சொந்தத் தொழில்தான். அதை எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? இத்தனை நாள் அவள் எதற்காகப் போகிறாள் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தவருக்குக் காரணம் தெரிந்ததும் இன்னும் களைப்பாக இருந்தது.

“மிச்சத்தையும் படிங்க,” என்றாள்.

“அதற்கும் முந்தைய நிலையில், தள்ளுதல், அடித்தல் என்ற பொருளுடைய ஒரு வேரோடு உறவு இருக்கலாம், உறுதியில்லை. ஸ்டெப்சைல்டு என்பது தொடக்கத்தில் பெற்றோரை இழந்த குழந்தை. அந்தக் குழந்தைக்குத் தாயாக வந்தவள் ஸ்டெப்மதர், தந்தையாக வந்தவர் ஸ்டெப்ஃபாதர். இரண்டாவது பாதியான ஃபாதர், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் முதலிய மொழிகளின் சொற்களோடு ஒரே வேரிலிருந்து வந்தது. தமிழில் வழங்கும் பிதா அந்தக் குடும்பத்துச் சொல்லே. நாளடைவில் இழப்பு என்ற பொருள் மறைந்து, மறுமணத்தால் வந்த உறவு என்பது மட்டும் நின்றது.”

படித்து முடித்தார். மனைவியாக இருந்தால் இந்நேரம் கத்தியின் சத்தத்திலிருந்தே முடிவு தெரிந்திருக்கும். இங்கே சத்தமே இல்லை.

“கடைசி வரியைத் திரும்பப் படிங்க.”

படித்தார்.

“அப்ப முதல்ல அதுல கல்யாணமே இல்லையா?”

“இல்லம்மா. அது அப்புறமா வந்து ஒட்டினது.”

“முதல்ல குழந்தைக்குத்தான் அந்தப் பேரா? அது யாரையோ பறிகொடுத்துட்டு நிக்குது, அதுக்காக ஒருத்தர் வர்றாரு. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இதை எழுதினது நீங்கதானே?”

“ஆமா, ஏன்?”

“இல்ல, எழுதினவருக்குப் புரிஞ்சுதான்னு கேக்குறேன்.” அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்தக் குரலை அவர் கேட்டதேயில்லை. “தடுக்க நான் யாருன்னு பெரியப்பாகிட்ட சொன்னீங்களே. அம்மா போயிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு கணக்குப் போட்டீங்க. அம்மாவையும் பறிகொடுத்துட்டு நிக்குறப்ப, வந்தவரு வேலை முடிஞ்சுதா, கூடிச்சா?”

அவர் தாளை நாலாக மடித்தார். பிறகு பிரித்தார். என்னென்னவோ சொல்ல இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தார். யோசித்துத்தானே இத்தனை வருடமும் கெட்டார்? பெற்றவன் ஜாடையைத் தேடிப் போகிறவளின் குறுக்கே போய் நிற்கக் கூடாது என்று அந்தப் பழைய மரியாதை வந்து வாயைப் பொத்தியது.

“உன் இஷ்டம்மா,” என்றார்.

அவள் எழுந்து துணியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

“குறிப்பு நல்லா இருக்கு. புரியுது. எதையும் மாத்த வேண்டாம்,” என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

காது தேறிவிட்டது. வேர்க்காரர் தன் அறைக்குப் போய் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்தார். தன் மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அது அப்படியே அலுப்பாக மாறியது. சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பெரியப்பா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பெரிய வண்டி, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. என்ஜினை அணைக்காமல் டிரைவர் உட்கார்ந்திருந்தான். பெரியப்பா வாட்டசாட்டமான மனிதர், வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். வேர்க்காரர் அந்தச் சிரிப்பை முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். கண் ஓரத்தில் தொடங்கி முகம் முழுக்கப் பரவுகிற சிரிப்பு. நல்ல சிரிப்புதான். பொறாமைப்படக்கூட முடியாத அளவுக்கு நல்ல சிரிப்பு.

“உட்காருங்க,” என்றார்.

“இருக்கட்டும் சார். வெயிலுக்கு முன்னாடி கிளம்பினா நல்லது. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அங்க அவளுக்கு மாடியில தனி ரூம் ரெடி பண்ணிட்டா அவ பெரியம்மா. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம், நம்ம வீடு.”

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முகம் கழுவி, தலையை இறுக்கி வாரிக் கட்டியிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பெரியப்பா அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“சரி, சொல்லிட்டு வாம்மா,” என்றார்.

அவள் வேர்க்காரர் எதிரில் வந்து நின்றாள். “வரேன்,” என்றாள். “ஃபிரிட்ஜுல ரெண்டு நாளைக்குச் சமைச்சு வெச்சிருக்கேன். மாத்திரையை மறந்துடாதீங்க.”

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் மிச்சமும் ஒழுங்காகவே முடிந்திருக்கும்.

“அவ போக வேண்டாம்,” என்றார் வேர்க்காரர்.

சொன்னது யார் என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. பெரியப்பா வாசலில் திரும்பி, “என்ன சார்?” என்றார்.

“போக வேண்டாம்னு சொல்றேன். எனக்கு அந்த உரிமை இருக்கான்னு தெரியல. இல்லன்னே வெச்சுக்குங்க. உரிமை இல்லாமத்தான் கேக்குறேன்.” அவள் பக்கம் திரும்பினார். “போகாதம்மா. நீ ஆறு வயசுல இந்த வாசல்ல வந்து நின்னதுலேருந்து நான் உன்னை யார்கிட்டயோ கடன் வாங்கி வெச்சிருக்கிற மாதிரியே இருந்துட்டேன். பத்திரமா திருப்பிக் கொடுக்கணும்னு ஒரு பயம். என்னால திருப்பிக் கொடுக்க முடியல. காலையில எழுந்ததும் வாசல்ல உன் செருப்பு கிடக்குதான்னு பாக்குறேன். கிடந்தாத்தான் எனக்கு அடுத்த வேலை ஓடுது. நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. எனக்கு முடியல.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி அந்த வீடு கேட்டதில்லை. மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

“இதை நேத்தே சொல்றதுக்கு என்ன? மடிச்சதெல்லாம் மடிச்சு, கட்டினதெல்லாம் கட்டினதுக்கு அப்புறமா சொல்றதா? நான் கேட்டேன்ல? கேட்டேனா இல்லையா?”

“கேட்டே.”

“நீங்க சொல்லவே மாட்டீங்கன்னு நினைச்சேன். என்னைப் பிடிக்கலன்னு நினைச்சேன். அம்மாவுக்காகத்தான் என்னைச் சகிச்சுக்கிட்டீங்கன்னு...” அவள் பெரியப்பாவிடம் திரும்பினாள். “நான் வரல பெரியப்பா. கோச்சுக்காதீங்க. லீவு கிடைச்சா வரேன், நிச்சயமா வரேன். இப்ப வரல.”

சொல்லி முடித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா” என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அம்மா போன அன்று வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்து, ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, அழுதவர்களுக்கு ஆறுதல் சொன்னவள் அவள். என்ன கெட்டிக்காரப் பெண் என்று எல்லோரும் மெச்சினார்கள். யார் முன்னால் அழுவது என்று தெரியாமல்தான் அவள் அழாமல் இருந்தாள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது அழுதாள், குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதாள். வேர்க்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எத்தனையோ வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது. அவருக்கும் அழுகை வந்தது. மனைவிக்காகவும் வந்தது, தனக்காகவும் வந்தது, எதற்கு எது என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

பெரியப்பா பெட்டியைப் பிடித்த கையோடு வாசலிலேயே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்தார். வெளியே எட்டிப் பார்த்து, வண்டியை அணைக்கச் சொன்னார்.

“நான் ஊர் வாய்க்குப் பயந்து கூட்டிட்டுப் போக வரலம்மா,” என்றார். சிரிப்பு போன முகம் வேறு முகமாக இருந்தது. “சும்மா அப்படிச் சொன்னேன். உன் முகத்துல என் தம்பி இருக்கான். அப்படியே அவன் கண்ணு. அதைத் தினமும் பாத்துக்கிட்டு இருக்கலாமேன்னுதான் வந்தேன்.”

அவள் கலங்கிய கண்களோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமேல் அவராலும் தாங்க முடியவில்லை. அந்தப் பெரிய மனிதர் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்றைக்கோ செத்துப்போன தம்பிக்காக வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.